பாட்டி வீட்டுக் குழு: ஊட்டியில் ஒரு ஜனவரி காலை

கார்த்திக் (காலை 8:40): [படம்] ஊட்டி தாவரவியல் பூங்காவில் இருக்கிறோம். பாத்தி முழுக்கக் காய்ந்த தழையைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். பூச்செடியையே காணோம். இது என்ன கோலம், பெரியம்மா?

பெரியம்மா: அது மிலார். கோத்தகிரி மிலார் என்பார்கள். செடியெல்லாம் அதற்கு அடியில்தான் இருக்கிறது. தூக்கிப் பார்த்துவிடாதே!

சித்தப்பா: செடிக்கும் கம்பளியா, அண்ணி?

பெரியம்மா: குளிருக்கு அல்ல, உறைபனிக்கு. மேகமில்லாத இரவில் தரையின் சூடு தங்காது. இலையில் படிந்த ஈரம் அப்படியே உறைந்துவிடும். விடிந்ததும் அதன்மேல் வெயில் சுள்ளென்று பட்டால் இலை கருகிப்போகும். அதனால்தான் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள்.

கார்த்திக்: சரிதான். நாங்கள் வரும்போது புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

நித்யா: மே மாதம் மலர்க் கண்காட்சிக்குப் போயிருக்கலாமே, அண்ணா?

பெரியம்மா: அப்போது போனால் முன்னால் நிற்பவர் பிடரியைத்தான் பார்க்கலாம். பூ எந்த ஊரிலும் பூக்கும், நித்யா. இந்தப் பூங்காவின் சொத்து மரங்கள். கார்த்திக், கார்க் மரம் எங்கே என்று கேட்டு அதன் பட்டையை விரலால் அழுத்திப் பார். மெத்தென்று இருக்கும். இன்னொரு மரத்தின் பட்டை தாள்தாளாக உரியும். அதை நீ உரிக்காதே.

சித்தப்பா: பட்டை பார்க்கவா டிக்கெட் எடுத்தான்!

பெரியம்மா: பட்டையைக் குறைவாக நினைக்காதீர்கள், தம்பி. 1848இல் இந்தச் சரிவைத் திருத்திப் பூங்காவாக்க வந்தவர் மெக்ஐவர், லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1860களில் நீலகிரியில் சின்கோனா மரம் வளர்த்ததும் அவர்தான். மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா அந்தப் பட்டையில் இருந்துதான் வந்தது. முழுக்க உரித்தால் மரம் செத்துவிடும். அவர் நீளவாக்கில் சில பட்டைகளை மட்டும் உரித்து, அந்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். புதுப் பட்டை வளர்ந்தது. அதில் கொயினாச் சத்து முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது.

சித்தப்பா: மரத்துக்குக் கட்டுப் போட்ட வைத்தியர்! ஒப்புக்கொள்கிறேன்.

கார்த்திக் (9:25): [படம்] கல்லாகிப்போன மரம். 2 கோடி ஆண்டுப் பழையதாம். தள்ளி நின்று பார்த்தால் வெட்டிப் போட்ட கட்டை என்றே சொல்வோம்.

பெரியம்மா: மண்ணுக்குள் புதைந்த மரத்தில் சிலிக்கா ஊறி ஊறி, மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. விழுப்புரம் பக்கம் திருவக்கரைக்குப் போனால் இதுபோல் நிறையக் கிடக்கிறது.

கார்த்திக்: அடுத்து மேலே தோடர் மந்துக்கு, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்புக்குப் போகலாம் என்று இருக்கிறோம்.

பெரியம்மா: போ. ஆனால் அங்கே குடியிருக்கிறார்கள். கேட்காமல் படம் எடுக்காதே.

அத்தை: நாங்கள் சனிக்கிழமை போகிறோம். என் முழங்காலுக்கு இந்த ஏற்றமெல்லாம் ஆகுமா, அண்ணி?

பெரியம்மா: மேலே ஏறவே வேண்டாம். கீழ்ப்பூங்காவில் பெரணி இல்லம் இருக்கிறது. இலையின் அடிப்பக்கம் குனிந்து பார், பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. அந்தப் புள்ளிக்குள் இருக்கும் தூளில் இருந்துதான் அடுத்த செடி வரும்.

நித்யா: அம்மா, இ-பாஸ் நான் எடுத்துவிடுகிறேன். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் வேண்டாம், நீலகிரியில் தடை. எவர்சில்வர் பாட்டிலை எடுத்து வையுங்கள்.

அத்தை: அது சித்தப்பா வீட்டில் இருக்கிறது. தீபாவளிக்கு வாங்கிப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.

சித்தப்பா: நாளைக்கே கொடுத்து அனுப்புகிறேன்.