ப்ரீஅம்ப் இல்லாமல் நேரே பவர் அம்ப்: உங்கள் செட்டில் நடந்தது என்ன?

வெள்ளவத்தையான்
டாக்கிலிருந்து (டிஜிட்டல் பாட்டை அனலொக் சிக்னலா மாத்துற பெட்டி) நேரே ஸ்பீக்கரை ஓட்டுற பவர் அம்ப், நடுவில வொல்யூமும் செலெக்டரும் உள்ள ப்ரீஅம்ப் ஒண்டும் இல்லை. வொல்யூம் டாக்கில் மைனஸ் 35 டெசிபல். கரண்ட் போய் வந்தது. லப்டொப் பட்டரியில பாட்டு நிக்காமல் ஓடுது, டாக் எழும்பினது பூச்சியத்தில, அதாவது முழு வொல்யூமில. ரிமோட்டைத் தேடி எடுக்கிறதுக்குள்ள வலப்பக்க ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் தாற சின்ன ஸ்பீக்கர்) ஊமை. அம்பின்ர கெயின் 26 டெசிபல், அதாவது வோல்ட்டை 20 மடங்காக்கும்; 1.4 வோல்ட் போனாலே 8 ஓமில 100 வாட், அம்பின்ர உச்சம் அதுதான். டாக் தாறது 2 வோல்ட். மிச்சமெல்லாம் கிளிப்பிங், அதாவது அம்ப் தாங்காமல் சிக்னலின்ர உச்சி வெட்டுப்படுறது; ட்வீட்டரைத் தின்னுறது அதுதான். சத்தம் காணாது, ப்ரீஅம்ப் வாங்கு எண்டு சொல்லுறவை இந்தக் கணக்கை ஒருக்காப் பாக்கட்டும்.

கொட்டாஞ்சேனை 47கே
அதுக்கு ப்ரீஅம்ப் மருந்தில்லை. எலெக்ட்ரோனிக் வொல்யூம் உள்ள ப்ரீஅம்பும் கரண்ட் வந்ததும் தன் இஷ்டத்துக்கு எழும்பலாம். கையால் திருப்பும் பொட் (வொல்யூம் குமிழுக்குப் பின்னால் உள்ள மாறும் ரெசிஸ்டர்) விட்ட இடத்திலேயே நிற்கும். அம்பின் ஆர்சிஏ வாயில் இரண்டு பக்கமும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சின்னச் செருகி) செருகினால் 2 வோல்ட் 0.63 ஆகும், டாக் முழுதாகத் திறந்தாலும் 20 வாட்தான். டாக்கின் இரைச்சலும் கூடவே இறங்கும். டாக்கின் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள) வெளியீடு பெரும்பாலும் 4 வோல்ட், அதே அளவுக்குக் கொண்டுவர 16 டெசிபல் வேண்டும்.

பொட் பைத்தியம்
"கையால் திருப்பும் பொட்" என்றதும் சாமான் வாங்க புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஓடிவிடாதீர்கள். சின்னப் பெட்டிக்குள் 100 கிலோஓம் பொட், அங்கிருந்து அம்புக்கு 5 மீட்டர் வயர். கேட்டால் ஜால்ரா போர்வைக்குள் இருந்து ஒலிக்கிற மாதிரி. காரணம் இதுதான்: சிக்னல் பாதியாகும் இடத்தில் அந்தப் பொட்டின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 25 கிலோஓம். வயர் மீட்டருக்கு 100 பிகோஃபராட் என்றால் மொத்தம் 500. இந்த இரண்டும் சேர்ந்து கீச்சுச் சத்தத்தைத் தின்னும், 12.7 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். அதே இடத்தில் 10 கிலோஓம் பொட் போட்டால் அந்த எல்லை 127 கிலோஹெர்ட்ஸ். மலிவுப் பொட்டில் இன்னொரு வில்லங்கம், கீழ்க்கோடியில் இடமும் வலமும் ஒத்துவராது. இரவில் மெதுவாகக் கேட்டால் பாடகர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பார். காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு. கரகரப்பு வந்தால் கொண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தரம் திருப்புங்கள்.

முப்பத்து மூன்றரை
எல்லோரும் டாக் பற்றியே கதைக்கிறீர்கள். ரெக்கோர்ட் பிளேயரை லைன் வாயில் கொடுத்தால் கொசு பாடுவதுபோல் சன்னமாக, பேஸே இல்லாமல் வரும். எம்எம் (மூவிங் மக்னெட்) கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருத்திய தலை, தருவது 5 மில்லிவோல்ட் அளவு. 40 டெசிபல் கெயினும் ஆர்ஐஏஏ சமன்செய்தலும் (ரெக்கோர்ட்டில் குறைத்துப் பதிந்த பேஸை மீட்பதும் கூட்டிப் பதிந்த கீச்சைக் குறைப்பதும்) வேண்டும். அதற்கு இந்த இரண்டையும் செய்யும் ஃபோனோ ஸ்டேஜ் போதும், முழு ப்ரீஅம்ப் அல்ல. பிளேயரின் பின்பக்க ஸ்விட்ச் "லைன்" இல் இருந்தால் அதை ஃபோனோ வாயில் செருக வேண்டாம், பேஸ் ஊதிப் பெருத்து எல்லாம் சிதறும்.

மெயின் இன்
பழைய இன்டக்ரேட்டட் அம்ப் (ப்ரீயும் பவரும் ஒரே பெட்டியில்), திடீரென்று சத்தமே இல்லை. தூசு துடைக்கும்போது பின்னால் ப்ரீ அவுட்டையும் மெயின் இன்னையும் இணைக்கும் யூ வடிவக் கம்பி ஒன்று கழன்றிருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கம்பி உள்ள அம்ப் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், உங்களிடம் ப்ரீஅம்ப் ஏற்கெனவே இருக்கிறது. கம்பிகளைக் கழற்றி ப்ரீ அவுட்டிலிருந்து வேறு பவர் அம்புக்கு வயர் கொடுத்துக் கேட்டுப் பார்த்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள். கழற்றும்போது இரண்டையும் ஓஃப் பண்ணுங்கள். போடும்போது பவர் அம்ப் கடைசி, நிறுத்தும்போது அதுவே முதல். 50 ஹெர்ட்ஸ் ஹம் (ஓயாத உறுமல்) வந்தால் டிவியின் கேபிள் வயரை ஒருதரம் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப் (இரண்டு எர்த் வழிகள் சேர்ந்த வளையம்), கேபிளுக்கு ஐசோலேட்டர் போடலாம். பழைய வீடுகளில் டிவி ஒரு உருண்டைப் பிளக்கிலும் அம்ப் வேறொரு 13 அம்பியர் பிளக்கிலும் இருக்கும். இரண்டையும் ஒரே மல்டி பிளக்குக்குக் கொண்டுவாருங்கள். ஹம்மை நிறுத்த எர்த் பின்னை மட்டும் யாரும் வெட்டாதீர்கள்.

வெள்ளவத்தையான்
அண்ணை, ஹம் பற்றி ஆர் கேட்டது? 😄
47கே சொன்ன அட்டெனுவேட்டர் சரி. ஆனா ரிவி, சிடி, ஃபோனோ எண்டு மூண்டு சாமான் இருக்கிற வீட்டில, டாக்கில அனலொக் வாய் இல்லாட்டி, எதை எங்க செருகுறது? அங்க ப்ரீஅம்ப் வேணும், கெயினுக்கு இல்லை, செலெக்டருக்கு.