கன அடிக் கணக்கில் விலை பேசப்பட்ட வீடு

தேவகோட்டைப் பேரன்:

எங்கள் செட்டிநாட்டு வீட்டின் வளவுத் தூணை, அதாவது நடு முற்றத்துத் தூணை, ஒருவர் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பழைய மரம் வாங்கும் வியாபாரி. தட்டினார், காதைக் கொடுத்துக் கேட்டார், நூல் போட்டுச் சுற்றளவு எடுத்தார். "பர்மாத் தேக்கு, உளுப்பு இல்லை. கன அடிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம்" என்றார். அந்தத் தூணில் சாய்ந்துதான் அப்பத்தா வெற்றிலை மடிப்பார்கள். அவர்கள் முதுகு பட்ட உயரத்தில் மட்டும் மரம் எண்ணெய் பூசியதுபோல் மின்னும். வியாபாரியின் நூல் சரியாக அந்த இடத்தைத்தான் சுற்றியது.

கானாடுகாத்தானிலிருந்து சில மைல் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். தெருவுக்கு நான்கு வீடுகளில்தான் விளக்கு எரிகிறது. ஐயாவின் (தாத்தாவின்) அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடு இது. முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், திண்ணையில் உட்கார்ந்தபடியே பின்கட்டுக் கதவைப் பார்க்கலாம். சித்திரை வெயிலிலும் அந்த வழியே காற்று வரும். 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது, அங்கிருந்த கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் குடும்பம் ஊர் திரும்பியது. அதன் பிறகு வீட்டில் ஒரு கல்லும் புதிதாக ஏறவில்லை. இருந்ததைக் காப்பாற்றியதே பெரிய காரியம்.

இப்போது 14 பங்கு. சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு திசை. படைப்புக்கும் (முன்னோருக்குப் படையல் வைக்கும் நாள்) கல்யாணத்துக்கும் மட்டும் பூட்டைத் திறக்கிறோம். பராமரிப்புக்குப் பணம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். விற்றுவிடலாம் என்று 13 பேர் கையெழுத்துப் போட்டார்கள், என் கையெழுத்தும் அதில் இருந்தது. அது எனக்கு ஆறாத வருத்தம்.

கையெழுத்துப் போடாதவர் பெரியப்பா. வளவில் எல்லோரையும் உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்டார்கள். "அறை உன் பங்கு, என் பங்கு, சரி. இந்த வளவு யார் பங்கு?"

எங்கள் வீடுகளின் அமைப்பே அதுதான். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. ஆனால் வானம் பார்த்த வளவு எல்லோருக்கும் பொது. என் கல்யாணமும் அப்பச்சி கல்யாணமும் ஐயா கல்யாணமும் நடந்தது அங்கேதான். தூணைத் தனியாக, கதவு நிலையைத் தனியாக, ஆத்தங்குடித் தரைக்கல்லைத் தனியாக விற்க முடியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள், கடை கடையாக அப்படித்தான் கிடக்கின்றன. வளவை எந்தக் கடையில் கொண்டுபோய் வைப்பார்கள்?

பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. நான்கு புறத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் இறங்கி, தகரத் தூம்பு வழியாக வளவுக் கல்லில் கொட்டியது. யாரும் சொல்லாமலே அத்தைமார் எழுந்து அண்டாக்களை எடுத்துவந்து தூம்புக்கடியில் வைத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பியும் ஓர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அன்றைக்குப் பத்திரப் பேச்சு அதோடு நின்றது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் பெயர் இருப்பதால் எங்கள் மாடி ஒழுக்கு நிற்காது. பங்காளிகள் சேர்ந்தால்தான் நிற்கும். இதே நிலையில் இருப்பவர்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

சுண்ணாம்புக் கொத்தனார் மகன்:

ஐயா, முதலில் ஒன்று கேட்கிறேன். ஒழுகுகிற இடத்தில் சிமெண்ட் பூசினீர்களா? பூசியிருந்தால் தயவுசெய்து கொத்தி எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் அடித்தால் விட்டுவிடும். மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கி, நான்கைந்து மழைக்குள் பழைய பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். நூறு வருடம் நின்ற சுவர், புதுப்பித்த மூன்றாம் வருடம் போய்விட்டது.

என் அப்பா செய்த பூச்சில் கடைசிக் கை இப்படித்தான் இருக்கும்: கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய்போல் அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, மெல்லியதாக இழுத்துவிட்டு, கூழாங்கல்லால் தேய்ப்பார். பளபளப்பு வரும்வரை கை ஓயாது. விளக்கை ஏற்றினால் சுடர் சுவருக்குள்ளும் தெரியும். உங்கள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், நடுப்பகலிலும் குளிர்ந்திருக்கும். அந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வேலை கொடுத்தால்தான் அவர்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

ஆத்தங்குடிப் பெண்:

தரைக்கல் உடைந்திருந்தால் மொத்தமாகப் பெயர்த்துவிட்டு கிரானைட் போட்டுவிடாதீர்கள். எங்கள் ஊரில் இன்றும் கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, கையாலேயே வண்ணம் ஊற்றித்தான் கல் செய்கிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவிடுவதுதான். பழைய கல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், அதே பூவை அப்படியே எடுத்துத் தருவார்கள். எங்கள் வீட்டு முகப்பில் 11 கல் அப்படி மாற்றினோம். முதல் வருடம் புதியவை தனியாகத் தெரிந்தன. நடந்து நடந்து இப்போது எது பழையது என்று எனக்கே தெரியவில்லை.

தேவகோட்டைப் பேரன்:

கொத்தனார் மகனுக்கு: ஆம், மேற்கு மாடியில் சிமெண்ட் பூசியிருக்கிறோம். உங்கள் பதிலைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தை பிறந்ததும் கொத்தி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். செலவுக்கு 14 பங்கில் 9 பங்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. மற்ற ஐவரிடமும் நானே நேரில் போய்ப் பேசுகிறேன்.