பாராமெட்ரியம்: சுற்றுத்திசுவா, பக்கத்திசுவா?

வணக்கம் அக்கா. மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பெண்களுக்கான கையேட்டில், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எம்.ஆர்.ஐ. எடுப்பது பற்றிய பக்கம் முடிந்துவிட்டது. 'பாராமெட்ரியம்' வரும் இடத்தில் 'சுற்றுத்திசு' என்று போட்டிருக்கிறேன். படித்தவுடன் புரிகிறது. இருக்கட்டுமா?

*

வணக்கம் தம்பி. வேண்டாம், மாற்றிவிடுங்கள். 'பாரா' என்றால் பக்கம், 'பெரி'தான் சுற்று. கருப்பையைப் போர்த்திய மெல்லிய உறைக்குப் பெரிமெட்ரியம் என்று பெயர். 'சுற்று' இங்கே செலவாகிவிட்டால் அதற்கு என்ன வைப்பது? பாராமெட்ரியம் என்பது கருப்பை வாயின் இரு பக்கமும் இடுப்புச் சுவரை நோக்கிப் போகும் கொழுப்பும் நார்த்திசுவும். கருப்பைத் தமனியும், அதற்கு அடியில் சிறுநீர்க்குழாயும் இதற்குள்தான் ஓடுகின்றன. நோய் முற்றும்போது அந்தக் குழாய் நெரிந்து சிறுநீரகம் வீங்குவது இதனால்தான்.

சிகிச்சையே இந்த ஒரு சொல்லில் திரும்புகிறது. கட்டி வாயோடு நின்று 4 செ.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் அறுவை. பக்கத்திசுவில் நுழைந்தால் 2பி நிலை. அறுவையை விட்டுக் கதிர்ச்சிகிச்சையும் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும். உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோவின் 2018 வகைப்பாடு ஸ்கேன் முடிவையும் நிலை சொல்ல ஏற்றுக்கொண்டது. 'கருப்பைப் பக்கத்திசு' என்றே எழுதுங்கள்.

*

அக்கா சொல்வதே சரி. ஸ்கேன் அறையிலிருந்து இன்னொன்று: அதே பக்கத்தில் 'கருவளையம்' என்று இருக்கிறது. டி2 என்ற எம்.ஆர்.ஐ. பட வகையில் நோயில்லாத வாயின் நார்த்திசு கறுப்பு வளையமாகத் தெரியும், கட்டி சாம்பல் நிறமாக. ஆனால் கருப்பையைப் பற்றிப் பேசும் இடத்தில் 'கரு' என்றால் சிசு என்றுதான் படிப்பார்கள். இல்லாவிட்டால் கண்ணுக்குக் கீழே வருவது. 'இருள் வளையம்' போடலாம்.

படம் எடுக்கும் கோணத்துக்கு வைத்த 'சாய்வெட்டு' என்பதும் குழப்பும். சாய்வு உடம்புக்குத்தான்; கருப்பை வாய்க் குழலுக்கு அது நேர்குறுக்கு. ரப்பர் கட்டையைச் சாய்த்து அறுத்தால் வட்டம் நீண்டு, பட்டை ஒரு பக்கம் தடித்துத் தெரியுமே, அதுபோல் கோணம் தவறினால் வளையம் உடைந்ததுபோலத் தோன்றி, இல்லாத பரவலை எழுதிவிடுவோம். சோதனைக்குத் திசு எடுத்த இடத்து வீக்கமும் இப்படி ஏமாற்றும். 'குழல் நேர்குறுக்கு வெட்டு' என் பரிந்துரை.

*

மூன்றையும் எடுத்துக்கொண்டேன் அண்ணே. திருத்திய வரி இது: "இருள் வளையம் எங்கும் அறுபடாமல் இருந்தால், நோய் கருப்பைப் பக்கத்திசுவுக்குள் போகவில்லை என்று மருத்துவர் பெரும்பாலும் நம்பிச் சொல்லலாம்." 'பெரும்பாலும்' இருக்கட்டும்தானே, அக்கா?

*

கட்டாயம் இருக்கட்டும். குடல் அசைந்தால் படம் கலங்கும், 4 முதல் 6 மணி நேரம் சாப்பிடாமல் வரவேண்டும் என்பதையும் அதற்கு மேலே சேருங்கள்.