கடல் மீனான திருக்கை அமேசான் ஆற்றில் எப்படி?

தூண்டில்காரன்:
திருக்கை என்றாலே கடல் மீன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நேற்று ஒரு வீடியோ பார்த்தேன், கடலிலிருந்து எங்கோ உள்ளே தள்ளி அமேசானின் கிளையாறு ஒன்றில், முழங்கால் ஆழத் தண்ணீரில் மணலுக்குள் புதைந்து கிடக்கிறது ஒன்று, கண் இரண்டு மட்டும் வெளியே. இது கடலிலிருந்து நீந்தி வந்ததா, இல்லை அங்கேயே பிறந்து வளர்வதா? உப்பே இல்லாத தண்ணீரை எப்படித் தாங்குகிறது? பிடித்துக் கடலில் விட்டால் பிழைக்குமா?

செவுள்:
பிழைக்காது. ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே சாகிற இனம் அது, பொட்டமோட்ரைகான் என்று தேடிப் பாருங்கள்.

எல்லாம் யூரியாவில் இருக்கிறது. நாம் சிறுநீரில் கழிக்கிற யூரியாவைக் கடல் சுறாவும் திருக்கையும் ரத்தத்திலேயே தேக்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் உடம்புக்குள் கரைந்திருக்கும் பொருட்களின் செறிவு கடல்நீரின் செறிவுக்கு ஈடாகிறது, உடம்பிலிருக்கும் தண்ணீரைக் கடல் இழுத்துக்கொள்வதில்லை. மிஞ்சும் உப்பை வெளியே தள்ள மலக்குடலை ஒட்டி ஒரு சுரப்பியும் உண்டு. ஆற்றில் எல்லாமே தலைகீழ், தண்ணீர் தானாக உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், அதை ஓயாமல் சிறுநீராக வெளியேற்ற வேண்டும், இருக்கிற உப்பையும் விட்டுவிடக் கூடாது. தென் அமெரிக்கத் திருக்கைகள் இதற்கு ஒரேயடியாகப் பழகிப்போய் யூரியாவைத் தேக்கும் திறனையே இழந்துவிட்டன, அந்தச் சுரப்பியும் சுருங்கி வேலையில்லாமல் கிடக்கிறது. தொட்டியில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சோதித்தபோதும் ரத்தத்தில் யூரியா சேரவில்லை. முன்னோர்கள் கடலிலிருந்து வந்தவைதான், ஆனால் அது ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கதை.

வண்டல்:
செவுள் சொன்னது தென் அமெரிக்காவுக்குச் சரி. தென்கிழக்கு ஆசிய ஆறுகளில் வெள்ளை விளிம்புத் திருக்கை என்று ஒன்று இருக்கிறது, அதை உவர்நீரில் விட்டால் யூரியாவைச் சேர்த்துக்கொண்டு சமாளிக்கும். அதாவது பழைய வழக்கத்தை இன்னும் முழுசாக மறக்கவில்லை. மீகாங் ஆற்றில் இருக்கும் ராட்சதத் திருக்கையையும் விட்டுவிடாதீர்கள், 2022 ஜூனில் கம்போடியாவில் பிடிபட்டது 300 கிலோ, நீளம் கிட்டத்தட்ட 4 மீட்டர். இதுவரை எடை பார்த்த நன்னீர் மீன்களில் அதுதான் பெரியது. கருவி பொருத்தி மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள்.

மணல்மேடு:
ஒரு மீன் காட்சியகத்தில் மோட்டோரோ என்ற தென் அமெரிக்க ஆற்றுத் திருக்கையின் முன்னால் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். வாய் அடியில் மணலோடு ஒட்டிக் கிடக்கிறது, பின்னே எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்தால், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் துளை இமை மாதிரி திறந்து மூடுகிறது. தண்ணீர் அந்த வழியாகப் போய் அடியிலுள்ள செவுள் பிளவுகளால் வெளியேறுகிறது. இரை கிட்டே வந்தால் அதன் மேல் படிந்து தட்டு போன்ற உடம்பால் அப்படியே அமுக்கிவிடும், அப்புறம் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மாடு அசைபோடுவது போல மெல்லும், பூச்சியின் கடினமான ஓடுகூட அரைபட்டுவிடும். முட்டை இடாது, குட்டிதான். கருப்பைச் சுவரிலிருந்து சுரக்கும் பால் போன்ற திரவத்தைக் குடித்து உள்ளேயே வளர்கிறது.

தூண்டில்காரன்:
சரி, அந்த மாதிரி ஆற்றில் இறங்கும்போது மிதித்துவிட்டால்?

செவுள்:
வால் மேலே வளைந்து குத்தும். முள்ளின் இரண்டு ஓரமும் ரம்பப் பல், அதைப் போர்த்தியிருக்கும் தோல் முழுக்க நஞ்சுச் செல்கள். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அது முன்னாடியே விலகிப் போய்விடும். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையும், ஆனால் சதை அழுகக்கூடும், மருத்துவரிடம் போகாமல் இருக்காதீர்கள். தென் அமெரிக்காவின் பரானா ஆற்றின் மேற்பகுதியில் இந்தத் தொல்லையே முன்பு கிடையாது. குவைரா அருவிகள் தடுத்துக்கொண்டிருந்தன, 1982-ல் இதாய்பு அணை நிரம்பி அருவிகள் மூழ்கியதும் திருக்கைகள் மேலே ஏறிவிட்டன.