பட்டாவில் 38 சென்ட், கரையில் 11

தோப்புக்காரன்:
புதுச்சேரிக்கு வடக்கே ஒரு குப்பத்தை ஒட்டி எங்கள் தாத்தா வாங்கிய தென்னந்தோப்பு இருக்கிறது. இருந்தது என்றும் சொல்லலாம். பட்டாவில் 38 சென்ட். தங்கைக்குப் பாகம் பிரிக்கலாம் என்று போன மாதம் ஆள் வைத்து அளந்தோம். தேறியது 11 சென்ட். சின்ன வயதில் நான் தண்ணீர் சேந்திய உறைகிணறு இப்போது அலைக்கு நடுவே புகைபோக்கி மாதிரி நிற்கிறது. சுற்றியிருந்த மணல் போய், சிமெண்ட் உறை நாலு மட்டும் மிச்சம்.

தாலுகா ஆபீசில் கேட்டால், ‘கம்ப்யூட்டரில் 38 சரியாகத்தானே இருக்கிறது, என்ன பிரச்சினை?’ என்றார்கள். பத்திரத்தில் நான்கெல்லையைப் பார்த்தேன். ‘சமுத்திரத்துக்கு மேற்கு’ என்று எழுதியிருக்கிறது. சமுத்திரமே மேற்கே வந்துவிட்டால்? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பழைய சங்கிலி:
நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி, உங்கள் கேள்விக்கு 1905-லேயே பதில் எழுதிவிட்டார்கள். நில ஆக்கிரமிப்புச் சட்டம், 2-வது பிரிவு. உயர் அலை மட்டத்துக்கு, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் கோட்டுக்கு, கீழே இருக்கும் கடல் தரை அரசுச் சொத்து. பிறருக்குச் சொந்தமானது நீங்கலாக என்று அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. வக்கீல் வைத்தால் அதைப் பிடித்து வாதாடலாம். ஆனால் கோடு நகர்ந்தால் அரசும் கூடவே நகர்ந்து வரும் என்றுதான் நாங்கள் புரிந்துவைத்திருந்தோம்.

ஒருமுறை இதே மாதிரி ஒரு புலத்தை அளக்கப் போனேன். ஸ்கெட்சில் ஏழு எல்லைக்கல், கிடைத்தது இரண்டு. செயின்மேன் இடுப்பளவு தண்ணீரில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, ‘சார், கல் என் காலுக்குக் கீழே இருந்தாலும் இருக்கும்’ என்றார். குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். பதிவேட்டில் ஒரு சென்ட்கூட மாறவில்லை.

இன்னொன்று, கடல் கொடுப்பதும் உங்களுக்கு வராது. சென்னைத் துறைமுகத்தை 1876-ல் கட்ட ஆரம்பித்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. நம் கிழக்குக் கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கே போகும். குறுக்கே கல்லை நீட்டினால் தெற்கே சேரும், வடக்கே அரிக்கும். சேர்ந்தது புறம்போக்கு.

கரைவலை:
தோப்புக்காரருக்கு 27 சென்ட் போனது தெரிகிறது, கையில் காகிதம் இருக்கிறது. எங்கள் ஊருக்குப் போனது யார் பெயரிலும் இல்லாத இடம். வலை காயப்போட்டதும், கருவாடு உலர்த்தியதும், படகு ஏற்றியதும் அங்கேதான்.

கரைவலை தெரியாதவர்களுக்கு: இரண்டு கயிறு, ஒவ்வொன்றிலும் பதினைந்து இருபது பேர், பின்னோக்கி நடந்து நடந்து இழுக்கவேண்டும். அதற்கு அகலமான கரை வேண்டும். இப்போது எங்களுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு ரிசார்ட் சுவர். இழுத்துக்கொண்டே வருகிறவர்கள் முதுகு முட்டியதும் நண்டு மாதிரி பக்கவாட்டில் திரும்புகிறார்கள். கயிறு சிக்குகிறது.

ஊர்ப் பஞ்சாயத்தார் போய்க் கேட்டோம். மேனேஜர் பட்டா நகலை நீட்டி, ‘சுவர் எங்க எடத்துலதான் இருக்கு, தண்ணிதான் உள்ள வந்திருக்கு’ என்றார். பொய் என்று சொல்லமுடியாது. ஆனால் பௌர்ணமிக்குச் சுவரின் அடி நனைகிறது. சங்கிலி அய்யா சொன்ன கோடு சுவருக்கு வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? கடலோர மண்டல வரைபடத்தை வாங்கிப் பார்த்தால், உயர் அலைக் கோடு சுவருக்குக் கிழக்கே தண்ணீருக்குள் ஓடுகிறது. வரைந்த அன்றைக்கு அங்கேதான் கரை இருந்திருக்கும்.

கடற்கரை பொதுமக்களுக்கானது, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம், பியாஸ் ஆற்றங்கரை விடுதி வழக்கில். வக்கீல் அதைச் சேர்த்து மனு எழுதிக் கொடுத்தார். ரசீது இருக்கிறது.

நாகைப் பக்கம்:
சுனாமிக்குப் பிறகு கடலோர வீட்டை எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே தள்ளிப் புது வீடு என்றார்கள். அம்மா அழுதுகொண்டே கைநாட்டு வைத்தார். அந்த இடம் இப்போது கடலில்தான் இருக்கிறது. எழுதிக் கொடுக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டும் இல்லை.

தோப்புக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கரைவலை அண்ணன் சொன்னது உறுத்தியது. எங்கள் தோப்பு வேலிக்குக் கிழக்கேயும் அப்படி ஒரு வலைத்திடல் இருந்தது, அது எத்தனை சென்ட் என்று யாரும் அளந்ததில்லை.

தங்கையிடம் பேசிவிட்டேன். 11 சென்டைச் சரிபாதியாகப் பிரிக்கிறோம். கிணறு மட்டும் தன் பாகத்தில் வரவேண்டும் என்கிறாள், தண்ணீரில் நின்றாலும் பரவாயில்லையாம். சரி என்று பத்திர எழுத்தரிடம் போனோம். மூன்று எல்லையை மளமளவென்று எழுதினார். கிழக்குக்கு வந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு, ‘என்ன போடட்டும்?’ என்றார்.