குடியரசுக்கு மூணு நாள் முன்னாடி அடிச்ச கோல் யாருக்குச் சேரும்?

மஞ்சள்நீலம்:
வேறொரு திரியில் நேத்து ஒருத்தர் போட்ட வரி இது: “துருக்கி தேசியக் கால்பந்து அணியின் முதல் கோலை ஸெக்கி ரிஸா அடித்தார் என்பது கட்டிவிட்ட கதை. ஆட்டம் 1923 அக்டோபர் 26. குடியரசு அறிவிக்கப்பட்டது அக்டோபர் 29. இல்லாத நாட்டுக்கு யார் கோல் அடிக்க முடியும்?”

படிச்சதிலிருந்து மனசு ஆறல. அங்கே பதில் போட்டா அந்தத் திரி கெட்டுடும்னு இங்கே தனியா ஆரம்பிக்கிறேன்.

தெரியாதவங்களுக்காக: ஸெக்கி ரிஸா ஸ்போரெல். 1898-ல் பிறந்தவர், 1969-ல் காலமானார். 1915-லிருந்து 1934 வரைக்கும் இஸ்தான்புல்லோட ஃபெனர்பாச்சே கிளப், வேற கிளப் பக்கமே தலை வெச்சுப் படுக்கல. கிளப் வெச்சிருக்கிற கணக்குப்படி 352 மேட்ச், 470 கோல். தேசிய அணிக்கு 16 மேட்ச், 15 கோல். துருக்கி ஆடின முதல் சர்வதேச மேட்ச் இஸ்தான்புல் தக்ஸிம் ஸ்டேடியத்தில், ருமேனியாவுக்கு எதிரா. 2-2 டிரா. ரெண்டு கோலும் இவர் அடிச்சது. நூறு வருஷமா எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயத்தை, காலண்டரைப் புரட்டிப் பார்த்துட்டு ஒருத்தர் இல்லைங்கிறார்.

கணக்கன்:
அந்த வரியை எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாமே நண்பரே, எதற்கு இந்த ஒளிவுமறைவு?

நான் கோலை மறுக்கவில்லை. பந்து வலைக்குள் போனது, இருமுறை போனது, சரி. கேள்வி ஒன்றுதான். அக்டோபர் 26 அன்று துருக்கிக் குடியரசு இருந்ததா? இல்லை. அக்டோபர் 29 திங்கட்கிழமை அறிவிக்கப்பட்டது. இடையில் மூன்று நாள். ஒலிம்பிக், உலகக் கோப்பை என்று எதற்கெடுத்தாலும் தேதி பார்க்கும் நீங்கள் இதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வது ஏன்?

மஞ்சள்நீலம்:
தேதி வேணுமா? எடுத்துக்கோங்க.

1922 நவம்பர் 1: சுல்தான் ஆட்சி ஒழிஞ்சது. 1923 மே 21: துருக்கி ஃபிஃபாவில் உறுப்பினர். ஜூலை 24: நேச நாடுகளோட லோசான் சமாதான ஒப்பந்தம். அக்டோபர் 6: நேச நாட்டுப் படை கிளம்பிப்போன இஸ்தான்புல்லுக்குள்ள துருக்கிப் படை வந்தது. அக்டோபர் 13: அங்காரா தலைநகர். இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் அக்டோபர் 26 மேட்ச். ஃபிஃபா உறுப்பினர், ஒப்பந்தம், தலைநகர், படை எல்லாம் இருக்கு. அணிக்குப் பயிற்சியாளர் கலாத்தாசராய் கிளப்பை ஆரம்பிச்ச அலி சாமி. கேப்டன் ஸெக்கியோட அண்ணன் ஹசன் காமில். இதுக்கு மேல ஒரு தேசிய அணிக்கு என்ன வேணும்?

பேர் வைக்கிறதுக்கு முன்னாடி பிள்ளை அழுதா, அது அந்தப் பிள்ளையோட அழுகை இல்லைன்னு சொல்வீங்களா?

கணக்கன்:
பிள்ளை, அழுகை எல்லாம் வேண்டாம். நான் கேட்டது குடியரசு இருந்ததா என்று. நீங்கள் தந்த பட்டியலில் அக்டோபர் 29-ஐ மட்டும் விட்டுவிட்டீர்களே, தற்செயலா?

இடதுகால்:
ரெண்டு பேரும் ஒரு ஆளை மறந்துட்டீங்க. பெகிர் ரெஃபெத்.

துருக்கியோட ரெண்டாவது மேட்ச் 1924 மே 25, பாரிஸ் ஒலிம்பிக், செக்கோஸ்லோவாக்கியா. 5-2-ன்னு தோத்தாங்க. அந்த ரெண்டு கோலும் பெகிர் அடிச்சது. உங்க ஸெக்கி அன்னைக்கு ஒண்ணும் அடிக்கல. நாலு வருஷம் கழிச்சு ஆம்ஸ்டர்டாம்ல எகிப்துகிட்ட 7-1 வாங்கினாங்களே, அந்த ஒரே ஒரு கோலும் பெகிர்தான். ஜெர்மனிக்குப் போய் விளையாடின ஆளு. அவரைப் பத்தி இங்க ஒரு திரி கூட கிடையாது. போன வருஷம் நான் ஆரம்பிச்சதை யாரோ பூட்டிட்டாங்க, அது வேற கதை.

கணக்கன்:
இடதுகாலுக்கு நன்றி. நான் சொல்ல வந்ததை அவரே முடித்துவிட்டார். குடியரசு பிறந்த பிறகு தேசிய அணி ஆடிய முதல் ஆட்டம் பாரிஸ். அதில் முதல் கோல் பெகிர் ரெஃபெத். ஆகவே துருக்கிக் குடியரசின் முதல் கோல் பெகிர் அடித்தது. ஸெக்கி அடித்தது அதற்கு முந்தைய ஏதோ ஓர் அரசுக்காக. இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

இடதுகால்:
நான் உங்களுக்கு சப்போர்ட் பண்ணல சார். பெகிருக்குப் பேசினேன். என் வாயில உங்க வார்த்தையைத் திணிக்காதீங்க.

மஞ்சள்நீலம்:
“ஏதோ ஓர் அரசு”! எவ்வளவு சுலபமா எழுதிட்டீங்க.

அந்த ஏதோ ஓர் அரசு இல்லாத நாட்கள் எப்படி இருந்துச்சுன்னு ஸெக்கிக்குத் தெரியும். 1918 நவம்பரிலிருந்து அஞ்சு வருஷம் அந்த ஊர் அந்நியப் படை கையில. அந்த அஞ்சு வருஷமும் ஃபெனர்பாச்சே ஆக்கிரமிப்புப் படைகளோட டீம்களைத் தேடித் தேடி ஆடிச்சு. 1923 ஜூன் 29, வெள்ளிக்கிழமை. ஜெனரல் ஹாரிங்டன் தன் பேர்ல ஒரு கோப்பை வெச்சு சவால் விட்டார். கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ்ங்கிற படைப்பிரிவு ஆட்களை வெச்சு பிரிட்டிஷ் டீம். முதல் பாதியில ஃபெனர்பாச்சே 0-1. ரெண்டாவது பாதியில சமன் செஞ்சதும் ஸெக்கி, ஜெயிக்க வெச்சதும் ஸெக்கி. 2-1. ஊரை ஆண்டுகிட்டு இருந்த படைத்தலைவரோட கோப்பையை அவர் ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடியே வாங்கிட்டாங்க. கோப்பை இன்னைக்கும் கிளப் மியூசியத்துல இருக்கு.

அந்த ஆள், நாலு மாசம் கழிச்சு, அதே தக்ஸிம் மைதானத்துல, அந்நியச் சிப்பாய் ஒருத்தன் கூட இல்லாத ஊர்ல, நாட்டுச் சட்டையைப் போட்டுக்கிட்டு ரெண்டு கோல் அடிச்சார். அதை “ஏதோ ஓர் அரசு”க்குன்னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?

கணக்கன்:
ஹாரிங்டன் கோப்பை கிளப் ஆட்டம். தேசிய அணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று: 1923-இல் “ஸ்போரெல்” என்று ஒருவரே கிடையாது. குடும்பப் பெயர்ச் சட்டம் 1934-இல் வந்தது. அதன் பிறகே அந்தச் சகோதரர்கள் ஸ்போரெல் ஆனார்கள். முதல் பதிவிலேயே தேதி பிசகு. மூன்று நாளைப் பொருட்படுத்தாதவருக்குப் பதினோரு வருடம் எம்மாத்திரம்!

மஞ்சள்நீலம்:
குடும்பப் பேர் வரலன்னா ஆளே இல்லையா? அப்போ முஸ்தபா கெமாலும் 1934 வரைக்கும் அத்தாதுர்க் இல்ல. அவர் அறிவிச்ச குடியரசும் செல்லாதுன்னு சொல்லிடுங்க, திரியை மூடிடலாம்.

பழையமைதானம்:
தம்பிமார்களே, 1923-க்கே இவ்வளவு சண்டையா? இருபது வருஷம் பின்னாடி போங்க. துருக்கியரில் முதலில் பந்து உதைத்தவர் என்று பேர் வாங்கியவர் ஃபுவாத் ஹூஸ்னு. கடற்படைக்காரர். சுல்தான் அப்துல் ஹமீது காலத்தில் துருக்கிய இளைஞர்கள் கூட்டம் கூடினாலே ஒற்றர்கள் மோப்பம் பிடிப்பார்கள். ஆங்கிலேயரும் கிரேக்கரும் தாராளமாக ஆடலாம், இவர்களுக்கு மட்டும் தடை. அதனால் கூட்டாளிகளோடு ஓர் அணி கட்டியபோது அதற்கு “பிளாக் ஸ்டாக்கிங்ஸ்” என்று ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். 1901-இல் கிரேக்க அணியோடு ஆடி 5-1 என்று தோற்றார்கள், அதோடு போலீஸ் புகுந்து அணியே கலைந்தது. பிறகு மனிதர் இஸ்தான்புல்லின் காத்திகோய் கிளப்பில் ஆங்கிலேயர்களோடு “பாபி” என்ற பெயரில் ஆடினார். அவர்கள் ஆடிய பாதிரியார் புல்வெளியில்தான் இன்று ஃபெனர்பாச்சே ஸ்டேடியம் நிற்கிறது.

என் கருத்து, முதல் என்ற பட்டம் யாருக்காவது உண்டென்றால் அது அவருக்கே.

கணக்கன்:
ஐயா சொல்வது சுவையான தகவல். ஆனால் 1901-இலும் குடியரசு இல்லை.

இடதுகால்:
விட்டா பெகிர் ரெஃபெத்தைக் கடைசியில பாபி ஆக்கிடுவீங்க போல. யாராவது அவரைப் பத்தி ஒரு வரி பேசுங்கப்பா.

மஞ்சள்நீலம்:
பெகிர் பெரிய ஆட்டக்காரர்தான், யார் இல்லைன்னா? ஆனா பாரிஸ்ல ஸெக்கி அடிக்கலன்னு குத்திக் காட்டினீங்களே, அதுக்கப்புறம் அதே பயணத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லாம விட்டுட்டீங்க. 1924 ஜூன் 17, ஹெல்சின்கி. பின்லாந்தை 4-2-ன்னு ஜெயிச்சாங்க. துருக்கி தேசிய அணி ஜெயிச்ச முதல் மேட்ச். நாலும் ஸெக்கி. நாலும்! குடியரசு பிறந்து ஏழு மாசத்துக்கு மேல ஆச்சு, கணக்கன் சாருக்கு இதுலயாவது ஆட்சேபணை இருக்காதுன்னு நம்பறேன்.

துருக்கிக்கு அதிக கோல் அடிச்ச ஹாக்கான் ஷூக்குர் 112 மேட்ச்ல 51 கோல். ஸெக்கி 16-ல் 15. யாராவது கிட்ட வரட்டும் பார்ப்போம்.

இடதுகால்:
பின்லாந்து எல்லாம் ஒரு டீமா? செக்கோஸ்லோவாக்கியாகிட்ட அடிச்சதுதான் கோல். அப்புறம் 470-ன்னு சொன்னீங்களே. துருக்கியில நாடு தழுவின லீக்கே 1959-லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்தது இஸ்தான்புல் லீக் மாதிரி ஊர் லீக்தான். 352 மேட்ச்ல எத்தனை சும்மா நட்புக்கு ஆடினது? அதையும் கூட்டி வெச்சுக்கிட்டு கிளப் கொடுக்கிற நம்பரைக் கண்ணை மூடிட்டு ஒப்பிக்கறீங்க. உங்க புனைபெயரே மஞ்சள்நீலம். ஃபெனர் கலர். வேற என்ன எதிர்பார்க்கிறது?

மஞ்சள்நீலம்:
ஆமா, ஃபெனர் கலர்தான். மறைக்கலையே. நட்பு மேட்ச்னு சொல்றீங்க, ஹாரிங்டன் கோப்பையும் லீக் மேட்ச் இல்லதான். அந்தக் காலத்துல ஆக்கிரமிப்புப் படையோட ஆடினதை “சும்மா”ன்னு சொல்ற தைரியம் அன்னைக்கு அந்த ஊர்ல யாருக்கும் இருந்திருக்காது. உங்க பழைய திரி பூட்டினதுக்கு நான் காரணம்னு நினைச்சுக்கிட்டு இங்க வந்து தீர்த்துக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்.

இடதுகால்:
நீங்கதான் புகார் பண்ணீங்க. எனக்கு ஆள் சொல்லிட்டாங்க.

மட்டுறுத்துநர்:
பழைய திரிகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம். தலைப்பு 1923 ருமேனிய ஆட்டம். அதைப் பேசுங்கள், இல்லையென்றால் இதையும் பூட்ட வேண்டிவரும்.

கணக்கன்:
நான் தொடக்கத்திலிருந்து தலைப்பைத்தான் பேசுகிறேன். அக்டோபர் 26-க்கும் 29-க்கும் இடையில் மூன்று நாள். இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மஞ்சள்நீலம்:
பதில் சொல்லலையா? சரி, உங்களுக்குப் பிடிச்ச கிரிக்கெட்டிலேயே சொல்றேன். 1932 ஜூன் 25, லார்ட்ஸ். சி.கே.நாயுடு கேப்டன். இந்தியாவோட முதல் டெஸ்ட்னு நீங்களே எத்தனையோ திரியில் எழுதியிருக்கீங்க. சுதந்திரம் 1947. பதினஞ்சு வருஷம்! அதுக்கு வாயைத் திறக்காத நீங்க, மூணு நாளைப் பிடிச்சுத் தொங்கறீங்க. குடியரசுதான் அளவுகோல்னா இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் 1950 ஜனவரி 26-க்கு அப்புறம் ஆடினதுன்னு எழுதுங்க, பார்க்கலாம்.

அப்புறம் அந்த மைதானத்தைப் பத்தி. தக்ஸிம்ல அது பழைய பீரங்கிப் படை முகாம். நாலு பக்கமும் முகாம் கட்டடம், நடுவுல இருந்த முற்றத்தை 1921-ல் ஸ்டேடியம் ஆக்கினாங்க. சுல்தான் காலத்துச் சிப்பாய்கள் அணிவகுத்து நின்ன தரை, அதுல முதல் தடவையா ஒரு தேசிய அணி. அந்தக் கட்டடத்தை 1940-ல் இடிச்சுட்டாங்க, இப்போ அங்க இருக்கிறது கெஸி பூங்கா. 2013-ல் மரம் வெட்டக் கூடாதுன்னு கூட்டம் கூடி உலகம் முழுக்கப் பேசின அதே இடம். இவ்வளவு சரித்திரம் ஒரே மண்ணுல கிடக்கு, உங்களுக்குத் தெரியறது காலண்டர் தாள் மூணு மட்டும்.

கணக்கன்:
நாயுடுவை இழுத்ததும் கைதட்டல் விழும் என்று தெரியும். இந்தியா என்ற பெயரில், அதற்கென்று இருந்த ஒரு வாரியத்தின் பேரில் அந்த அணி போனது. 1923 அக்டோபர் 26-இல் அங்காராவில் இருந்தது நாடாளுமன்ற அரசு. அதை ஒருவரும் குடியரசு என்று அழைக்கவில்லை. அழைத்தது 29-இல்.

மஞ்சள்நீலம்:
துருக்கின்னு பேரும் இருந்துச்சு, அதுக்கு ஒரு கூட்டமைப்பும் இருந்துச்சு. அதுதான் மே மாசமே ஃபிஃபாவில் சேர்ந்தது! நாயுடுவுக்கு நீங்க கேட்ட ரெண்டும் ஸெக்கிக்கு இருக்கு. உங்க பதிலை நீங்களே இன்னொரு தடவை படிங்க.

ருமேனியாக்காரங்க பதிவுல போய்ப் பாருங்க. அந்த 2-2 யாருக்கு எதிரான மேட்ச்னு போட்டிருக்கு? துருக்கி. எதிர்ல நின்னு கோல் வாங்கினவனே ஒத்துக்கிட்டான்.

கணக்கன்:
ருமேனியா எழுதிவைத்ததால் மூன்று நாள் மறைந்துவிடாது.

பழையமைதானம்:
ஃபுவாத் ஹூஸ்னு பற்றி நான் எழுதியதற்கு ஒருவரும் பதில் போடவில்லை என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

இடதுகால்:
பெகிருக்குப் புதுத் திரி ஆரம்பிச்சுட்டேன். இந்தத் தடவை யார் புகார் பண்றாங்கன்னு பார்க்கிறேன்.

மஞ்சள்நீலம்:
ஆரம்பிங்க, நானும் வரேன். கணக்கன் சார், நீங்க கிளம்பிடாதீங்க. 1955-லிருந்து 1957 வரைக்கும் ஸெக்கி கிளப் தலைவரா இருந்த காலத்தைப் பத்தி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: அக்டோபர் 26 அன்னைக்கு ருமேனியாவோட ஆடினது துருக்கி இல்லைன்னா, எந்த நாடு? பேரைச் சொல்லுங்க.

கணக்கன்:
அதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.