புதுப்பிப்பு: ரங்கனதிட்டு படகுப் பயணம், பிப்ரவரி

ஜூலையில் கிருஷ்ணராஜ சாகர் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டதால், கர்நாடகத்தில் காவிரியில் உள்ள ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்தில் படகு நிறுத்தப்பட்டிருந்தது. எப்போது போகலாம், படகிலிருந்து எடுக்கும் பறவைப் படம் ஏன் மங்கலாகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பிப்ரவரியில் வேலைநாளாகப் பார்த்து முதல் படகிலேயே ஏறுங்கள் என்ற யோசனைதான் பலித்தது. வெள்ளக் காலத்தில் திட்டுகள் மூழ்கிவிடும். பிப்ரவரியில் நீர்மட்டம் தாழ்ந்து பாறைகள் வெளியே தெரியும், மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூட்டில் இருக்கும்.

படம் மங்கலானதற்குக் காரணம் லென்ஸ் அல்ல. துடுப்புப் படகு ஒவ்வொரு முறை துடுப்பு போடும்போதும் ஆடுகிறது. ஒற்றைக்கால் தாங்கியைப் படகின் தரையில் ஊன்றினால் அந்த ஆட்டம் அப்படியே கேமராவுக்கு ஏறும். அதை மடித்து வைத்துவிட்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, 400 மி.மீ. லென்ஸுக்கு 1/1600 நொடி, ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) தானியங்கி என்று வைத்ததும் சரியானது. வெள்ளை இறகு வெளுத்துப்போகாமலிருக்க வெளிச்ச ஈட்டை (கேமராவின் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) −0.7 வரை குறைக்க வேண்டும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி படகைத் திருப்பச் சொல்லிப் படகோட்டியிடம் கேட்கலாம்.

எதிர்பாராதது முதலைகள். பாறையில் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தன. அது சீற்றமில்லை, உடல் சூட்டைத் தணிக்கும் வழி. படகு மிக அருகில் போகும், 400 மி.மீ.யில் முழு உடல் அடங்காது. 70–200 மி.மீ. லென்ஸும் கையில் இருக்கட்டும். ஆனால் கையைப் படகுக்கு வெளியே நீட்டவே கூடாது.